விண்டோஸ் 98-இல் டிரைவர் ஃபைலுக்கு இடம் எது? பல வருடப் புழக்கத்தில் தெரிந்துகொண்டது

எங்கள் டிடிபி கடையின் பின்னறையில் விண்டோஸ் 98 செகண்ட் எடிஷன் ஓடும் அசெம்பிள்டு கம்ப்யூட்டர் ஒன்று இன்னும் வேலையில் இருக்கிறது. பழைய பாசம் என்றெல்லாம் எதுவும் இல்லை. ஸ்கஸி என்ற பழைய இணைப்பு முறைக்கான கார்டில் ஓடும் பழைய ஃப்ளாட்பெட் ஸ்கேனர், மூன்று காப்பி பில் அடிக்கும் ஒன்பது ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்து வைத்த ஏராளமான பேஜ்மேக்கர் ஃபைல்கள்: இந்த மூன்றும் சண்டை போடாமல் சேர்ந்து இருக்கிற இடம் எங்களிடம் அது ஒன்றுதான்.

2006 ஜூலை 11-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் இதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. அதற்கப்புறம் இதை ஓட்டுகிறவரே இதற்கு சர்வீஸ் இன்ஜினியரும். எனக்கு வந்த தொல்லைகளில் பெரும்பாலானவை டிரைவர் தொல்லைகள், அதாவது ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேசவைக்கும் ஃபைல்களால் வந்தவை. அவற்றிலும் பல, ஒரு ஃபைல் இருக்க வேண்டிய ஃபோல்டரில் இல்லாததால் வந்தவை, அல்லது இருக்கக் கூடாத ஃபோல்டரில் உட்கார்ந்திருந்ததால் வந்தவை. அதனால் வேகம், தோற்றம் பற்றியெல்லாம் பேசாமல் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன்.

"இந்த டிரைவர் ஃபைலை எந்த ஃபோல்டர்ல போடணும்?" என்று யாராவது கேட்டால், கையால் எங்கேயும் போடாதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். டிரைவரோடு, அதை எப்படி நிறுவ வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஒரு ஐஎன்எஃப் ஃபைல் வந்திருக்கும். அதை நோட்பேடில் திறந்தால் போதும், எல்லாமே சாதாரண எழுத்து. மேலே வெர்ஷன் என்ற பகுதியில், இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே 'சிகாகோ' என்று இருக்கும். விண்டோஸ் 95 தயாராகிக்கொண்டிருந்தபோது மைக்ரோசாஃப்டுக்குள் அதற்கு வழங்கிய பெயர் அது. 98-க்கான டிரைவர்களிலும் அப்படியே நின்றுவிட்டது. கொஞ்சம் கீழே வந்தால் 'டெஸ்டினேஷன்டிர்ஸ்' என்றொரு பகுதி. எந்த ஃபைல் எங்கே போக வேண்டும் என்ற முகவரி இங்கேதான் இருக்கிறது, ஆனால் எண்ணாக. 10 என்றால் விண்டோஸ் ஃபோல்டர். 11 என்றால் அதற்குள் இருக்கும் சிஸ்டம் ஃபோல்டர். 17 என்றால் ஐஎன்எஃப் ஃபோல்டர். 20 என்றால் ஃபான்ட்ஸ்.

12 என்ற எண்ணில்தான் வேடிக்கை. விண்டோஸ் என்டி, 2000, எக்ஸ்பி வழியில் 12 என்றால் சிஸ்டம்32-க்குள் இருக்கும் டிரைவர்ஸ் ஃபோல்டர். அதே 12, 98-இல் சிஸ்டம் ஃபோல்டருக்குள் இருக்கும் ஐஓசப்சிஸ் ஃபோல்டர். இரண்டுக்கும் துளி சம்பந்தம் கிடையாது. அதனால்தான் இரண்டு வழிக்கும் ஒரே ஐஎன்எஃப் எழுதுகிற விவரமான கம்பெனிகள் 12-ஐத் தொடாமல், "10, சிஸ்டம்32\டிரைவர்ஸ்" என்று பாதையையே நீட்டி எழுதிவிடுவார்கள். ஒரு ஐஎன்எஃப்-இல் அந்த வரியைப் பார்த்தால், எழுதினவர் 98-ஐயும் நினைத்திருக்கிறார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வரும்.

சரி, அந்த எண்கள் காட்டும் ஃபோல்டர்களில் என்ன இருக்கிறது? சிஸ்டம் ஃபோல்டர்தான் பழைய காலத்துப் பொது இடம். விஎக்ஸ்டி, டிஆர்வி என்று முடியும் பழைய மாதிரி டிரைவர் ஃபைல்கள், பல மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் டிஎல்எல் ஃபைல்கள் எல்லாம் இங்கேதான் குவியும். எங்கள் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் எப்சன் மொழியில் பேசும் ரகம், அதற்கான எப்சன்9.டிஆர்வி, அது சார்ந்து நிற்கும் யூனிடிஆர்வி.டிஎல்எல், பேரலல் போர்ட்டுக்கான எல்பிடி.விஎக்ஸ்டி எல்லாமே இந்த ஃபோல்டரில்தான். இவற்றால் எனக்கு ஒரு நாளும் தலைவலி வந்ததில்லை.

சிஸ்டம்32 விஷயத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். எக்ஸ்பியில் பழகிய கண்ணுக்கு சிஸ்டம்32 என்றால் எல்லாம் அதற்குள். 98-இல் அந்த ஃபோல்டர் கிட்டத்தட்டக் காலி. அதற்குள் இருக்கும் டிரைவர்ஸ் ஃபோல்டர் மட்டும்தான் முக்கியம். டபிள்யூடிஎம் என்ற புது மாதிரி டிரைவர்களை, அதாவது சிஸ் என்று முடியும் ஃபைல்களை, 98 அங்கே தேடும். யூஎஸ்பி சாதனங்கள், பிற்காலத்து சவுண்ட் சிப்கள் இதில் அடக்கம். ஒரு முறை சவுண்ட் வரவில்லை என்று பார்க்க வந்த தம்பி, மதர்போர்டு சிடியிலிருந்து விஎக்ஸ்டி, டிஎல்எல், சிஸ் எல்லாவற்றையும் அள்ளி சிஸ்டம்32-இல் கொட்டிவிட்டு, "போட்டாச்சுண்ணே, ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். ரீஸ்டார்ட் ஆனது; டிவைஸ் மேனேஜரில், சாதனம் சரியில்லை என்று காட்டும் மஞ்சள் ஆச்சரியக்குறி அசையவில்லை. ஃபைலைக் காப்பி செய்வது பாதி வேலைகூட இல்லை. எந்த சாதனத்துக்கு எந்த ஃபைல் என்ற பதிவு, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஏற வேண்டும். அந்த வேலையையும் ஐஎன்எஃப்தான் செய்கிறது. கொட்டியதை அழித்துவிட்டு, 'அப்டேட் டிரைவர்' கொடுத்து, சிடியில் அந்த ஐஎன்எஃப் இருக்கும் ஃபோல்டரைக் காட்டியதும் சவுண்ட் வந்துவிட்டது.

ஐஓசப்சிஸ் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஹார்ட் டிஸ்க், ஃப்ளாப்பி, சிடி, ஸ்கஸி இவற்றுக்கான டிரைவர்கள் இருக்கும் தனி ஃபோல்டர் இது. ஐடிஇ டிஸ்குக்கான ஈஎஸ்டிஐ_506.பிடிஆர், ஸ்கஸி கார்டுகளுக்கான எம்பிடி ஃபைல்கள் எல்லாம் இங்கே. கம்ப்யூட்டர் ஏறும்போது இந்த ஃபோல்டரில் இருப்பதை விண்டோஸ் தானாகவே எடுத்து ஏற்றப் பார்க்கும். அதனால் இங்கே பேக்கப் எடுத்து வைப்பது, பெயர் மாற்றி ஒரு காப்பி வைப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். வெளியே வேறு ஃபோல்டரில் வையுங்கள்.

இந்த ஃபோல்டரில் ஏதோ ஒன்று சரியில்லை என்றால், கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் என்பதற்குள் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், டிரைவ்கள் எம்எஸ்-டாஸ் இணக்க முறையில் ஓடுகின்றன என்று வரும். எல்லாம் ஓடும், ஆனால் இழுத்து இழுத்து ஓடும். காரணத்தை விண்டோஸ் ஃபோல்டரில் ஐஓஎஸ்.லாக் என்ற ஃபைலில் எழுதி வைத்திருக்கும். பல சமயம் கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் யாரோ விட்டுப்போன பழைய டாஸ் டிரைவர் வரிதான் காரணமாக இருக்கும். அந்த வரிக்கு முன்னால், அதைப் படிக்காமல் விடச் சொல்லும் ரெம் என்ற சொல்லைப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்.

எங்கள் ஸ்கேனர் கதையும் இங்கேதான் வருகிறது. ஸ்கஸி ஸ்கேனர் வேலை செய்ய நான்கு இடத்தில் ஃபைல் சரியாக இருக்க வேண்டும். கார்டுக்கான எம்பிடி ஐஓசப்சிஸில். அதே இடத்தில் ஏபிஐஎக்ஸ்.விஎக்ஸ்டி. சிஸ்டம் ஃபோல்டரில், ஸ்கேன் மென்பொருளுக்கும் கார்டுக்கும் நடுவில் நிற்கும் டபிள்யூஎன்ஏஎஸ்பிஐ32.டிஎல்எல். கடைசியாக, ஸ்கேன் செய்யும்போது திறக்கும் ஜன்னலுக்கான டிஎஸ் ஃபைல், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ட்வெய்ன்_32-இல். ட்வெய்ன் என்பது ஸ்கேனரும் மென்பொருளும் பேசிக்கொள்ளும் பொது முறை. ஒரு சிடி ரைட்டிங் மென்பொருள் போட்ட மறுநாள் ஸ்கேனர் காணாமல் போனது. டிவைஸ் மேனேஜரில் கார்டு நன்றாக இருக்கிறது, ஆச்சரியக்குறி இல்லை, ட்வெய்ன் பட்டியலில் ஸ்கேனர் பெயரும் இருக்கிறது. ஆனால் ஸ்கேன் கொடுத்தால் சாதனம் இல்லை என்கிறது. ஐஓசப்சிஸும் ட்வெய்னும் சரி என்றால் மிச்சம் நடுவில் இருக்கும் டிஎல்எல்தான். அதன் பிராப்பர்ட்டீஸைத் திறந்து வெர்ஷன் பக்கத்தைப் பார்த்தால், கம்பெனி பெயரே மாறியிருந்தது. ஒரு வார்த்தை கேட்காமல் தன்னுடையதை மேலே எழுதிவிட்டுப் போயிருக்கிறது அந்த மென்பொருள்.

அதற்கு 98-க்குள்ளேயே மருந்து இருந்தது. ரன்னில் எஸ்எஃப்சி என்று அடித்தால் சிஸ்டம் ஃபைல் செக்கர் வரும். அதில், இன்ஸ்டலேஷன் டிஸ்கிலிருந்து ஒரே ஒரு ஃபைலை மட்டும் எடு என்று ஒரு வசதி உண்டு. ஃபைல் பெயரைக் கொடுத்தால் அடுத்து இரண்டு கட்டங்கள் வரும்: எங்கிருந்து எடுக்க, எங்கே வைக்க. முதலாவதில், விண்டோஸ் ஃபைல்களைச் சுருக்கிக் கட்டி வைத்த கேப் ஃபைல்கள் இருக்கும் ஃபோல்டர், இரண்டாவதில் சிஸ்டம் ஃபோல்டர். அவ்வளவுதான். ரீஸ்டார்ட் செய்ததும் ஸ்கேனர் திரும்பி வந்தது. எந்த ஃபைலுக்கு எது ஃபோல்டர் என்று தெரிந்திருந்தால்தான் அந்த இரண்டாவது கட்டத்தில் எதையாவது அடிக்க முடியும்.

விஎம்எம்32 என்ற பெயரில் இரண்டு சமாச்சாரம் இருக்கிறது, குழம்பக் கூடாது. சிஸ்டம் ஃபோல்டரில் விஎம்எம்32.விஎக்ஸ்டி என்று ஒரு பெரிய ஃபைல். விண்டோஸ் போடும்போது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தேவையான பல விஎக்ஸ்டிகளைச் சேர்த்துக் கட்டி வைப்பது அது. அதனால் பக்கத்துக் கடை கம்ப்யூட்டரிலிருந்து இதைக் காப்பி செய்து கொண்டுவருவது வம்பு. அதே பெயரில் ஒரு ஃபோல்டரும் இருக்கிறது. இந்த ஃபோல்டரில் தனியாக ஒரு விஎக்ஸ்டி இருந்தால், பெரிய ஃபைலுக்குள் இருக்கும் அதே பெயர்க்காரரை விட்டுவிட்டு இதைத்தான் விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். அப்டேட்கள் இந்த வழியில்தான் வந்து உட்காரும். சிஸ்டம்.ஐஎன்ஐ ஃபைலில் சில டிவைஸ் வரிகளில் பெயருக்கு முன்னால் நட்சத்திரம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃபைலைத் தனியாகத் தேடாதே, பெரிய ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

98 வைத்திருந்த யாரும் மறக்க முடியாத கறுப்புத் திரை ஒன்று உண்டு. ரெஜிஸ்ட்ரியோ சிஸ்டம்.ஐஎன்ஐ-யோ இந்த டிவைஸ் ஃபைலைச் சொல்கிறது, ஆனால் ஃபைல் இல்லை, ஒரு கீயை அழுத்தித் தொடருங்கள் என்று நிற்கும். பெரும்பாலும் ஏதாவது ஆன்டிவைரஸை அன்இன்ஸ்டால் செய்ததன் மிச்சம். கீழே வரும் ஃபைல் பெயரை எழுதிக்கொண்டு, முதலில் சிஸ்டம்.ஐஎன்ஐ-இல் 386என்ஹெச் பகுதியில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் என்பதற்குள் விஎக்ஸ்டி என்ற கிளை. திரையில் ஃபைல் பெயரே வராமல் வெறுமனே நின்றால், அந்தக் கிளையில் ஸ்டாட்டிக்விஎக்ஸ்டி என்ற மதிப்பு எங்கோ காலியாகக் கிடக்கிறது என்று அர்த்தம். அதை மட்டும் நீக்கினால் போதும்.

ஐஎன்எஃப் ஃபோல்டருக்குள் அதர் என்று ஒரு உள் ஃபோல்டர் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெளிக் கம்பெனி டிரைவர் போட்டதும், அதன் ஐஎன்எஃப்-ஐக் கம்பெனி பெயரை முன்னால் ஒட்டி விண்டோஸ் இங்கே ஒரு காப்பி வைத்துக்கொள்ளும். எக்ஸ்பியில் இதே காப்பி ஓஇஎம்0, ஓஇஎம்1 என்று அனாமதேயமாக உட்கார்ந்திருக்கும். எது யாருடையது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் 98 தேவலாம். டிவைஸை நீக்கி ரீஸ்டார்ட் செய்தும் அதே தப்பான டிரைவர் திரும்பத் திரும்ப வருகிறதா? அதர் ஃபோல்டரில் அந்தக் கம்பெனி பெயரோடு இருப்பதை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, ஐஎன்எஃப் ஃபோல்டரில் டிஆர்விஐடிஎக்ஸ்.பின், டிஆர்விடேட்டா.பின் என்ற இரண்டு ஃபைல்களை அழியுங்கள். அவை டிரைவர் பட்டியலின் அட்டவணை. விண்டோஸ் புதிதாகக் கட்டிக்கொள்ளும்.

குறை என்று சொன்னால், சிடி கேட்கும் வழக்கம்தான் முதலில் வரும். எதைத் தொட்டாலும் 98 சிடியைப் போடு என்கிறது. பல நேரம் அது கேட்கும் ஃபைல் ஏற்கெனவே சிஸ்டம் ஃபோல்டரில் இருக்கும். காப்பி ஃப்ரம் கட்டத்தில் அந்தப் பாதையை அடித்தால் வாயை மூடிக்கொள்ளும். எக்ஸ்பி இதைப் புத்திசாலித்தனமாகத் தீர்த்தது. டிரைவர் கேஷ் என்ற ஃபோல்டரில் டிரைவர்.கேப் என்று ஒரே கட்டாக டிஸ்கிலேயே வைத்துக்கொண்டது. 98-க்கு அந்த வேலையை நாமே செய்ய வேண்டும். சிடியில் இருக்கும் வின்98 ஃபோல்டரை ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்துவிட்டு, ரெஜிஸ்ட்ரியில் செட்அப் என்பதற்குள் இருக்கும் சோர்ஸ்பாத் மதிப்பை அந்த ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டால் அப்புறம் சிடி தேட வேண்டியதில்லை. பக்கத்திலேயே டிரைவர்ஸ் என்று நான் ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே, சவுண்ட், ஸ்கஸி, லேன் என்று உள் ஃபோல்டர்கள், ஒவ்வொன்றிலும் ஐஎன்எஃப் கைக்கு எட்டும்படி பிரித்து வைத்த மூல ஃபைல்கள். செட்அப் எக்ஸி மட்டும் வைத்திருப்பது போதாது. விண்டோஸ் மிகக் குறைந்த டிரைவர்களோடு, சேஃப் மோடில் மட்டும் ஏறுகிற நாளில் பல செட்அப்கள் ஓடாது.

இன்னொரு குறை பென் டிரைவ். 98 செகண்ட் எடிஷனில் யூஎஸ்பி உண்டு, ஆனால் எல்லா பென் டிரைவுக்கும் பொதுவான டிரைவர் கிடையாது. அது 98-க்கு அடுத்து வந்த விண்டோஸ் மீ-யில்தான் வந்தது. அந்தக் காலத்தில் பென் டிரைவோடு ஒரு மினி சிடி கொடுப்பார்கள். இப்போது யார் கொடுக்கிறார்கள்? ஆர்வலர்கள் மீ-யின் ஃபைல்களை எடுத்து 98-க்காகக் கோத்த என்யூஎஸ்பி என்ற தொகுப்பைத்தான் நான் போட்டிருக்கிறேன். போடுவதற்கு முன் டிவைஸ் மேனேஜரில் இருக்கும் பழைய யூஎஸ்பி டிரைவர்களை எல்லாம் நீக்கிவிட வேண்டும். போட்டு முடித்ததும் சிஸ்டம்32\டிரைவர்ஸில் யூஎஸ்பிஎஸ்டிஓஆர்.சிஸ் வந்துவிட்டதா என்று ஒரு பார்வை. பென் டிரைவ் எஃப்ஏடி32-இல் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். என்டிஎஃப்எஸ் என்றால் 98-க்குக் கண் தெரியாது. முன்னறையில் இருக்கும் புதுக் கம்ப்யூட்டரில் அடிக்கும் வேலை எல்லாம் இப்போது இப்படித்தான் பின்னறைக்குப் போய் வருகிறது.