தடைக்காலத்தில் ஷாஃப்ட் வெல்டிங் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மண்டபம், ராமேஸ்வரம் படகுகள் கரையேறியதும் பட்டறைகளில் தேய்ந்த ஷாஃப்டுகள் (புரொப்பல்லரைச் சுழற்றும் தண்டுகள்) குவியும். அந்த அவசரத்தில் ஒரு பட்டறை தேய்ந்த இடத்தை வெல்டிங் வைத்து நிரப்பி, கிரைண்டிங் அடித்து அளவாக்கிக் கொடுத்த 50 மி.மீ. எஸ்.எஸ். 304 (ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம்) ஷாஃப்ட், கடலுக்குப் போன சில நாளிலேயே கிளாண்டில் (ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் படகுக்குள் வராமல் தடுக்கும் அடைப்பு) தண்ணீர் விட்டது. கழற்றிப் பார்த்தால் வெல்டிங் இடத்தில் துரு, ஊசித்துளை, மயிரிழை வெடிப்பு. "உப்புத்தண்ணி, அப்படித்தான்ணே ஆகும்" என்று பட்டறையில் கைவிரித்துவிட்டார்கள். 304-லும் கடல்நீர் குழி பறிக்கும்தான், 316 அதைவிடத் தாங்கும். ஆனால் வெல்டிங் வைத்த இடம் மட்டும் துருப்பிடித்ததற்கு உப்பைக் குறை சொல்ல முடியாது.

காந்தத்தை வைத்ததும் அந்த இடம் கவ்விப் பிடித்தது. எஸ்.எஸ்.-க்கு உரிய 308எல் ராடு (வெல்டிங் கம்பி) வைத்த இடத்தில் லேசான இழுப்பு இருக்கும், இப்படிக் கவ்வாது. எஸ்.எஸ். மேல் சாதா இரும்புக்கான 6013 ராடைப் போட்டிருக்கிறார்கள். இரண்டும் உருகிக் கலந்தால் கடினமான, நொறுங்குகிற உலோகம்தான் கிடைக்கும். வெடிப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஊசித்துளைக்குக் காரணம் ஈரம். கடற்காற்றில் பிரித்துப் போட்ட ராடின் பூச்சு ஈரத்தை இழுக்கும். 300 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். தேய்ந்த இடத்தையும் முதலில் லேத்தில் லேசாகக் கடைந்து உப்பு, கிரீஸ் போக்க வேண்டும்.

டயல் கேஜை (ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) வைத்துச் சுற்றினால் ஷாஃப்ட் 0.4 மி.மீ. ஆடியது. எஸ்.எஸ். சூட்டை மெதுவாகக் கடத்தும், சாதா இரும்பைப்போல் ஒன்றரை மடங்கு விரியும். ஆம்பியரை ஏற்றி ஒரே பக்கமாக இழுத்தால் வளையாமல் என்ன செய்யும்? 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 80 ஆம்பியர் போதும். ஒரு வரி போட்டதும் எதிர்ப்பக்கம் திருப்பிப் போட வேண்டும். 150 டிகிரிக்குக் கீழே ஆறிய பிறகுதான் அடுத்த வரி.

கிரைண்டிங்கிலும் கோளாறு. பழுப்பு வரிகள் தெரிந்தன, அதாவது மேற்பரப்பு கருகியிருக்கிறது. எஸ்.எஸ். துகள் வீலில் அடைத்துக்கொள்ளும். வைரத்தால் டிரஸ் செய்யாமல் (வீலின் முகத்தைச் சீவிப் புதுப்பிக்காமல்), குளிர்விக்கும் கூலண்ட் பத்தாமல் ஓட்டினால் வீல் வெட்டாது, தேய்த்துச் சூடாக்கும். கடைசி இழுவைகளில் 0.005 மி.மீ. மட்டும் இறக்கி, பிறகு இறக்காமலே தீப்பொறி அடங்கும்வரை ஓட்ட வேண்டும். சூடாக அளப்பதும் தப்பு: 30 டிகிரி கூடுதல் சூட்டில் 50 மி.மீ. ஷாஃப்ட் 0.025 மி.மீ. பெருத்துக் காட்டும். ஆறியதும் அந்த அளவு காணாமல் போகும்.

ராடு பாக்கெட்டை நீங்களே வாங்கிக் கொடுங்கள். பட்டறைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். புரொப்பல்லர் உட்காரும் டேப்பரிலும் (கூம்பலான முனை) சாவிக்காடியிலும் (சாவி உட்காரும் பள்ளம்) வெல்டிங் வைக்கச் சம்மதிக்காதீர்கள், முறிவது பெரும்பாலும் அங்கேதான். அங்கே தேய்ந்திருந்தால் புது ஷாஃப்ட்தான். வாங்கும்போது வி-பிளாக்கில் (வி வடிவத் தாங்கி) வைத்துச் சுற்றி டயலைப் பாருங்கள், சிவப்புச் சாயம் தடவி வெடிப்பு பார்க்கச் சொல்லுங்கள். மீதிப் பணம் அதற்குப் பிறகு.