லீவில் வந்த இடத்தில் வண்டி பஞ்சர்

வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு லீவில் ஊருக்கு வருகிறவர்களுக்கு முதல் வாரம் ஒரு கணக்கு, கடைசி வாரம் வேறு கணக்கு. வந்த புதிதில் ஆயிரம் ரெண்டாயிரம் பெரிதாகத் தெரியாது. அப்புறம் கல்யாண மொய், அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரி, மழைக்கு முன்னால் வீட்டு ஓட்டைச் சரி பண்ணுவது என்று ஒவ்வொன்றாகப் போய், திரும்பிப் போவதற்கு எடுத்து வைத்த பணத்தைத் தொடாமல் மீதி நாளை ஓட்ட வேண்டியிருக்கும். எனக்கு இந்த முறை அந்த மீதி நாளில்தான் வண்டி பஞ்சரானது. அதனால் ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்துப் பக்கம் லீவில் வந்து தம்பி வண்டியோ மச்சான் வண்டியோ எடுத்து ஓட்டுகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

வண்டி தம்பியுடைய பழைய ஸ்பிளெண்டர். கம்பிச் சக்கரம், உள்ளே டியூப், முன்னும் பின்னும் 2.75-18 டயர். முதுகுளத்தூருக்குப் போன இடத்தில் பின் டயரில் காற்று இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த கடையில் கொடுத்தேன். கடைப் பையன் டியூப்பை வெளியே இழுத்தார், கையில் வைத்துப் பார்த்தார், தண்ணீரில்கூட முக்கவில்லை. "டியூப் போயிருச்சுண்ணே, ஒட்டுனா நிக்காது" என்றார். புது டியூப் 380, மாட்டுவதற்கு 100, ஆக 480 ரூபாய். நேரமாகிவிட்டது, வெயில் வேறு, சரி என்று கொடுத்துவிட்டேன். பழைய டியூப்பை மட்டும் கேட்டு வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சாயல்குடியில் அக்கா வீட்டுக்குக் கிளம்பினேன். கடலாடி நெருங்கும்போது பின் சக்கரம் ஆட்டம் கொடுக்க ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் அதே டயர், சுத்தமாகக் காற்று இல்லை. நேற்றுப் போட்ட புது டியூப்!

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். காற்று இல்லாத வண்டியில் "கொஞ்ச தூரம்தானே" என்று உட்கார்ந்து ஓட்டவே கூடாது. டயர் ரிம்மில் நகரும்போது டியூப்பும் சேர்ந்து நகரும், ஆனால் மவுத்து, அதாவது காற்றடிக்கிற வால்வு, ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் மவுத்தின் அடியிலேயே டியூப் கிழிந்துவிடும். அந்தக் கிழிசலை யாராலும் ஒட்ட முடியாது, 60 ரூபாயில் முடிகிற வேலை அங்கேயே 400 ஆகிவிடும். அம்மாவை டவுன் பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்று பார்த்தால், பஸ் வர நேரமாகும் என்றார்கள். அதனால் அம்மா நடந்தார், நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணி முதல் கியரில் போட்டு, கிளட்சைப் பாதி விட்டபடி கூடவே நடந்தேன். ஆள் ஏறாமல் இப்படிக் கொண்டு போனால் டியூப்புக்கும் சேதம் குறைவு, தள்ளுகிற நமக்கும் மூச்சு வாங்காது.

கொஞ்ச தூரத்தில் ரோட்டோரம் பாதி புதைத்து நட்ட பழைய டயர், அதில் வெள்ளை பெயிண்டில் "பஞ்சர்" என்று எழுதியிருந்தது. பின்னால் ஒரு தகரக் கொட்டகை, வேப்ப மரம், ஒரு கம்ப்ரசர். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெரியவர். அம்மாவுக்கு முதலில் ஸ்டூலை எடுத்துப் போட்டார். நான் நடந்ததைச் சொன்னதும் அவர் சொன்ன வார்த்தை: "நேத்துப் போட்ட டியூப்பா? அப்ப டியூப்ப விடு தம்பி, டயரப் பாப்போம்."

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் காசு கொடுக்க வேண்டியது இந்த வேலைக்குத்தான். சக்கரத்தைக் கழற்றவே இல்லை. சென்டர் ஸ்டாண்டு போட்டு, மவுத்து நட்டைக் கழற்றி, ரெண்டு லிவர் கொடுத்து டயரின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கி டியூப்பை வெளியே எடுத்தார். மவுத்து இருந்த இடத்துக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. டியூப்பில் காற்றடித்துத் தண்ணீர்ச் சட்டியில் முக்கினார். ஒரே ஒரு இடத்தில் பொடிப் பொடியாகக் குமிழி வந்தது. அது டியூப்பின் வெளிப்பக்கம், அதாவது ரோட்டைப் பார்த்த பக்கம். "உள்பக்கம் ஓட்டையா இருந்தா கம்பி குத்துது, ரிம் டேப் கிழிஞ்சிருக்கும். வெளிப்பக்கம்னா முள்ளோ ஆணியோ டயர்லயே உக்காந்திருக்கு" என்றார். பிறகு டியூப்பை டயர் மேல் அளந்து வைத்து, மவுத்தைச் சாக்பீஸ் கோட்டுக்கு நேராக வைத்து, ஓட்டை டயரில் எங்கே வருகிறது என்று பார்த்தார். அந்த இடத்தில் வெறுங்கையை விடவில்லை. பழைய பனியன் துணியை உள்ளே விட்டு மெதுவாக இழுத்தார், துணி ஒரு இடத்தில் சிக்கியது.

கருவேல முள். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை, ரப்பரோடு ரப்பராக ஒடிந்து போயிருந்தது. உள்பக்கம் நுனி மட்டும், தடவினால்தான் தெரிகிற அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சும்மா நிற்கும்போது குத்தாது. வண்டியில் ஆள் ஏறி டயர் அமுங்கும்போது குத்தும். கோணி ஊசியால் வெளியிலிருந்து நெம்பி, உள்ளேயிருந்து குறட்டால் பிடித்து இழுத்தபோது கிட்டத்தட்ட அரை அங்குல முள் வந்தது. முதல் நாள் இந்த முள்ளை யாராவது தேடி எடுத்திருந்தால் புது டியூப்பே தேவைப்பட்டிருக்காது.

அதோடு அவர் விடவில்லை. பெட்டியில் இருந்த பழைய டியூப்பையும் கேட்டு வாங்கித் தண்ணீரில் முக்கினார். அதிலும் ஒரே ஓட்டைதான், மற்றபடி நல்ல டியூப். ரெண்டையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுத்தான் பேட்ச் வைத்தார். ஈரமாக இருக்கும்போதே பேட்ச் வைக்கிற அவசரக்காரர்களிடம் போட்ட பஞ்சர்தான் வெயிலில் பிரிந்து வரும். டயரைத் திரும்ப மாட்டும்போது டியூப்பில் லேசாகக் காற்றடித்து உருட்டி வைத்துக்கொண்டார், லிவர் டியூப்பைக் கடிக்காமல் இருக்க. ரெண்டு பஞ்சருக்கும் சேர்த்து 120 ரூபாய். அதற்கு மேல் ஐந்து ரூபாய்கூடக் கேட்கவில்லை. கையில் ஒரு டியூப் மிச்சம்.

இந்தப் பக்கம் பஞ்சர் அதிகமாக இருப்பதற்குக் காரணம் ரோடு அல்ல, சீமைக்கருவேலம். கண்மாய், ஓடை, ரோட்டோரம் எல்லாம் அதுதான். முதுகுளத்தூர், கமுதி பக்கம் அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவது பலருக்குப் பிழைப்பு. வெட்டிய விறகை டிராக்டரில் ஏற்றிப் போகும்போது சிதறுகிற முள் குச்சிதான் ரோட்டோரத்தில் கிடக்கிறது. 2017-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை இதை அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக ஜே.சி.பி. இறங்கியது ஞாபகம் இருக்கும். வேரோடு எடுக்காத இடத்திலெல்லாம் மறுபடி தழைத்துவிட்டது. அதனால் எதிரே பஸ் வந்தாலும் முடிந்தவரை தாரை விட்டு மண்ணில் இறக்காமல் ஓட்டுவது நல்லது.

பணம் கொடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. கொட்டகையில்கூட கியூஆர் அட்டை தொங்குகிறது, சில்லறைதான் எங்கேயும் இல்லை. என் இந்திய சிம் ரீசார்ஜ் இல்லாமல் எப்போதோ போய்விட்டது, அதனால் கையில் 500 ரூபாய்த் தாள்தான். பெரியவர் டீக்கடைக்கு ஆள் அனுப்பி மாற்றினார். 2023-லிருந்து அமீரகம், சவூதி, கத்தார், ஓமன் நம்பர்களிலேயே வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கை இணைத்து யூபிஐ வைத்துக்கொள்ள வழி வந்துவிட்டது, ஆனால் எல்லா வங்கியிலும் எல்லா ஆப்பிலும் நடப்பதில்லை. கிளம்புவதற்கு முன்பே உங்கள் வங்கியில் கேட்டு முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பத்து, ஐம்பது நோட்டாக மாற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள். பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களே வைத்திருக்கும் விதி, நீங்கள் பெட்ரோல் போடாவிட்டாலும் சரி. ஒரு பங்க்கில் மெஷின் ரிப்பேர் என்றார்கள், அடுத்ததில் மரியாதையாகவே பிடித்துவிட்டார்கள். பின்னால் ஆள் உட்காரும் வண்டியென்றால் அதைச் சொல்லிப் பின் டயருக்குக் கூடுதலாகப் பிடிக்கச் சொல்ல வேண்டும்; காற்று குறைந்த டயரில் முள் சீக்கிரம் இறங்கும், டியூப்பும் மடிந்து கெடும்.

புது வண்டிகளில் டியூப்லெஸ் டயர் வருகிறதே, அதில் முள் குத்தினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், வீடு வரைக்கும் ஓட்டி வந்துவிடலாம். ஆனால் அங்கே வேறு கவனம் வேண்டும். சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிற இடத்தை நீங்களே கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் ஓட்டையை அடைக்கிற கம்பியைக் குத்த விடுங்கள். ஒரு ஓட்டைக்கு வண்டியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய், நாலு ஓட்டைக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தவர்களை எனக்கே தெரியும். எந்தக் கடையாக இருந்தாலும், எந்த டயராக இருந்தாலும் பக்கத்திலேயே நில்லுங்கள். "தண்ணில முக்கிக் காட்டுங்கண்ணே, முள்ள எடுத்துக் கைல குடுங்கண்ணே" என்று கேட்பதில் ஒரு தப்பும் இல்லை. நன்றாக வேலை தெரிந்தவர் யாரும் இதற்குக் கோபப்பட்டு நான் பார்க்கவில்லை.

கிளம்பும்போது பெரியவர் பின் டயரைச் சுற்றிக் காட்டினார். நடுவில் பட்டன் முழுக்கத் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது, அதனால்தான் முள் இவ்வளவு சுலபமாக இறங்குகிறது என்றார். சாயல்குடியில் விசாரித்ததில் இந்த சைஸ் டயர் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும் போலிருக்கிறது. இந்த லீவில் அது முடியாது. அடுத்த மாதச் சம்பளத்தில் அனுப்புகிறேன் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், அதுவரைக்கும் ஒட்டிய பழைய டியூப் வண்டிப் பெட்டியிலேயே இருக்கட்டும்.