சலம் சோதிக்கப் போன லாப், அக்காவிடம் கேட்ட கேள்வி

திருகோணமலை டவுனில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிற ஒரு சின்ன லாப் இது. அக்கா ஆபிரிக்காவில் மலாவி நாட்டில் 2 வருடம் படிப்பித்துவிட்டு உவர்மலை வீட்டுக்கு வந்ததிலிருந்து சலக்கடுப்பு, இடைக்கிடை சலத்தோடு இரத்தம். ஓரிடத்தில் பீரியட்ஸ் இரத்தம் கலந்திருக்கும் என்றார்கள். இன்னோரிடத்தில் 3 தரம் அன்டிபயோடிக் தந்தார்கள். எங்கே இருந்து வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இங்கே கேட்டார்கள். யூரின் ஃபுல் ரிப்போர்ட்டில் சிவப்பணு நிறைய, கிருமி வளர்த்துப் பார்க்கிற கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றதும் உள்ளே வேலை செய்கிற மிஸ் வெளியே வந்து, "அக்கா, வெளிநாட்டில ஏதும் இருந்தனீங்களோ? ஆறு, ஏரியில இறங்கினீங்களோ?" என்று மெதுவாகக் கேட்டார். மலாவி ஏரியில் குளித்ததை அக்கா சொன்னதும், அடுத்த நாள் பகல் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் வரச் சொன்னார். ஆறு, ஏரித் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்குத் தொற்றுகிற பில்ஹார்சியா என்கிற ஒட்டுண்ணிப் புழுவின் முட்டை அந்த நேரத்துச் சலத்தில்தான் அதிகம் இறங்கும், அதுவும் கடைசியாக வருகிற சலத்தில். நாங்கள் வழக்கமாகக் கொடுக்கிற விடியக்காலைச் சலத்தில் அது தப்பிவிடலாம். மறுநாள் முட்டை கிடைத்தது. ஒரு நுனியில் முள் நீட்டிக்கொண்டிருந்ததை மைக்ரோஸ்கோப்பில் எங்களுக்கும் காட்டினார்.

அக்காவுக்கு நோயின் பெயராவது தெரிந்துவிட்டது. ஆபிரிக்காவில் சகாராவுக்குத் தெற்கே இந்தப் புழுவால் பிறப்புறுப்பு வரை பாதிக்கப்பட்ட பெண்களும் சிறுமிகளும் 5 கோடியே 60 இலட்சம் பேர் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு. துணி தோய்ப்பதும் தண்ணீர் அள்ளுவதும் அவர்கள் வேலை, நத்தையிலிருந்து வெளிவருகிற புழுக்குஞ்சு அந்தத் தண்ணீரில் நிற்கிறவர்களின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், பிறகு சலப்பையிலும் கர்ப்பப்பை வாயிலும் முட்டை தங்கிப் புண்ணாகி, இரத்தப்போக்கு, பிள்ளையில்லாமை வரை கொண்டுபோய் விடும். இதைப் பாலியல் நோய் என்று தப்பாக எடுத்து அந்தப் பெண்களையே குற்றம் சொல்கிற இடங்களும் உண்டு என்று வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. (கந்தளாய்க் குளத்தில் குளிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம், இலங்கையில் இது பரவுவதில்லை.)

குறையும் உண்டு. கவுன்டரில் நிற்கிற தம்பி, "சலத்தில இரத்தம் போறது யார்?" என்று எல்லாருக்கும் கேட்கச் சத்தம் போட்டார், அக்கா கூனிக்குறுகிப் போனார். கழிப்பறைக் கொண்டியும் பூட்டவில்லை, நான் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சலம் கொடுக்கப் பெண்கள் வருகிற இடத்தில் இதைக்கூடவா சரிசெய்ய முடியாது?

டொக்டர் அக்காவின் எடையைப் பார்த்துப் பிரசிகுவான்டெல் என்கிற புழுக் குளிசை கொடுத்தார். திரும்பச் சோதிக்க அடுத்த மாதம் அதே லாப்புக்குத்தான் போகிறோம், பகல் 11 மணிக்கு.