கல்சட்டியா, வெண்கலமா, ஈயம் பூசிய பித்தளையா?

பரணிலிருந்து இறங்கிய ஏனங்களை எல்லாம் விளக்கி அடுக்கினால் கண்ணுக்கு அழகுதான். எதை அடுப்பில் ஏற்றலாம் என்பதற்கு நம்ம ஊர்ச் சமையலே பதில் சொல்லிவிடும்.

புளிக்குழம்புக்குக் கல்சட்டியை மிஞ்ச ஒன்றும் இல்லை. அது செய்யும் மாக்கல் புளிப்போடு வினைபுரியாது. மிச்சக் குழம்பை அதிலேயே வைத்து மறுநாள் சுண்ட வைக்கலாம். தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்யும் சொதிக்குத்தான் அது சோதனை. அடுப்பை அணைத்த பிறகும் கல்லின் சூட்டில் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். அப்போது முதல் பாலை ஊற்றினால் திரிந்துவிடும். கொதி முழுக்க அடங்கியபின் ஊற்றி, எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் பிழிய வேண்டும்.

பழைய கல்சட்டி வாங்குமுன் தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாள் மேல் ஒரு ராத்திரி வையுங்கள். தாள் நனைந்திருந்தால் மயிரிழைக் கீறல் இருக்கிறது, விட்டுவிடுங்கள். கீறல் இல்லாவிட்டாலும் பல வருஷம் சும்மா கிடந்த சட்டியைத் திரும்பப் பழக்க வேண்டும். உள்ளும் புறமும் நல்லெண்ணெயும் மஞ்சள்தூளும் தடவி ஒரு நாள் வைக்கணும். பிறகு ஐந்தாறு நாள் சூடான வடிகஞ்சியை ஊற்றி, தினம் மாற்றணும். முதல் சமையல் சிறு தீயில்தான். வெறும் சட்டியைத் தீயில் காய வைத்தாலும், சூட்டோடு பச்சைத்தண்ணீர் ஊற்றினாலும் வெடித்துவிடும். கல் சோப்பை உறிஞ்சும், அதனால் கடலை மாவு போட்டுக் கழுவுவது நல்லது.

வெண்கல உருளி உளுந்தங்களிக்கென்றே செய்தது போலிருக்கும். அடி கனம், சூடு சீராகப் பரவும். கருப்பட்டிப் பாகும் மாவும் சேர்ந்து இறுகும்போது அடிபிடிப்பது குறைவு. இந்த உலோகத்தில் ஏறக்குறைய 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். அதனால் கடினம் அதிகம், ஆனால் நொறுங்கும். கல்தரையில் நழுவினால் பித்தளை நெளியும், வெண்கலம் விரிசல் விடும். விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று நீண்டு ஒலித்தால் சரி, மொட்டையாக நின்றால் எங்கோ விரிசல். புளியோ மோரோ இதில் ராத்தங்கக் கூடாது, பச்சைக் களிம்பு ஏறிவிடும்.

பித்தளைச் சருவம்தான் பழைய சாமானில் எளிதாகக் கிடைப்பது. செலவு வைப்பதும் அதுதான். உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் சமைக்கக் கூடாது. நவச்சார உப்பைத் தூவி, பஞ்சால் துடைத்து வெள்ளீயம் பூசுகிறவர்கள் இப்போது அருகிவிட்டார்கள். ஆள் கிடைப்பாரா என்று பார்த்துவிட்டுப் பாத்திரத்தை வாங்குங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். தாளிக்க வெறும் பாத்திரத்தைக் காய வைத்தால் பூச்சு திரண்டு உருளும். எனவே சோறு வடிக்க, பால் காய்ச்ச, தண்ணீர் வைக்க மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியே செய்து கொட்டுங்கள். அடியில் பற்றவைத்த ஒட்டு இருந்தால் வாங்கவே வேண்டாம், பழைய ஒட்டின் பற்றாசில் நஞ்சான காரீயம் இருக்கலாம்.

முதல்முறை வாங்குகிறவர்களுக்கு எங்கள் தேர்வு இரும்புச் சட்டி. துரு ஏறியிருந்தாலும் தேங்காய் நாரும் புளியும் போட்டுத் தேய்த்து, துடைத்து, எண்ணெய் பூசிக் காய்ச்சினால் வேலைக்கு வந்துவிடும். புளிக்குழம்பு மட்டும் கறுத்து, இரும்பு வாடை அடிக்கும்.

வெண்கலமும் பித்தளையும் எடைக்கு விலை பேசுகிற பொருள்கள். பெயர் வெட்டிய சீர்ப் பாத்திரம் என்று கூடுதல் கேட்பார்கள். காட்சிக்கு வைப்பதானால் கொடுக்கலாம், சமைக்க வாங்குகிறவர் எழுத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வெள்ளீயத்தில் வார்த்த ஈயச் சொம்பில் ரசத்தின் மணமே தனி என்பது உண்மைதான். ஆனால் யார் வார்த்தது என்று தெரியாத பழைய சொம்பு வேண்டாம். விளிம்பை வெள்ளைத்தாளில் இழுத்துச் சாம்பல் கோடு விழுந்தால் காரீயக் கலப்பு. கோடு விழாவிட்டாலும் சுத்தம் என்று உறுதி கிடையாது. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் அதை அலமாரியில் வையுங்கள்.