நேரில் அமர்த்தி வரைவதாகச் சொல்லி அச்சுப்படத்தைக் கொடுத்தார்: உருவப்படம் எழுதச் சொல்வோர் கவனத்திற்கு

எண்பது வயது நிறைந்த என் அம்மாவை நேரில் அமர்த்தி எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்ட ஓர் ஓவியர், நான்கு காலைப்பொழுதுகள் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கைப்பேசியில் எடுத்த புகைப்படத்தைக் கேன்வாஸில் அச்சடித்து, அதன்மேல் பளபளக்கும் பசையைப் பூசிக் கொண்டுவந்து கொடுத்தார். நாங்கள் கொடுத்த தொகை 85,000 ரூபாய். முறையீடு விசாரணையில் இருப்பதால் அவர் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் இந்த ஏமாற்று எப்படி நடந்தது, எங்கெங்கே நாங்கள் கவனிக்கத் தவறினோம் என்பதை, வீட்டுப் பெரியவர்களின் படத்தை எழுதச் சொல்ல நினைக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

கும்பகோணத்தை அடுத்த எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் உருவப்படம் ஒன்று தொங்குகிறது. அது 1956-இல் எழுதப்பட்டது. அப்போது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. ஓவியர் பன்னிரண்டு நாள் காலையில் வந்து போனதையும், தாத்தா எழுந்து காப்பி குடித்துவிட்டு வந்தால் அதே இடத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டிருந்ததையும், அந்தக் கோட்டை அழித்ததற்காகத் தன் தம்பி அடி வாங்கியதையும் அம்மா எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். தானும் ஒரு நாள் அப்படி உட்கார வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 2024-இல் எண்பது நிறைந்தபோது, அண்ணனும் தங்கையும் நானும் பணத்தைப் பகிர்ந்துகொண்டு அந்த ஆசையை நிறைவேற்ற முடிவு செய்தோம். எங்களுக்குத் தேவைப்பட்டது அம்மாவின் படம் மட்டுமன்று. அவரை ஒருவர் பொறுமையாகப் பார்த்து எழுத வேண்டும் என்பதுதான் எங்கள் விருப்பம். அதைத் தொடக்கத்திலேயே அந்த ஓவியரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தோம்.

அவருடைய காணொளிகளைக் கைப்பேசியில் பார்த்துத்தான் தொடர்பு கொண்டோம். தூரிகை ஓடுவதும் முகம் தோன்றுவதும் அவற்றில் அழகாக இருந்தன. இப்போது திரும்பப் பார்க்கும்போது, ஒரு காணொளியில்கூட எதிரே மனிதர் அமர்ந்திருப்பதும் படமும் ஒரே சட்டகத்தில் தெரியவில்லை என்பதைக் காண்கிறேன். நான்கு அமர்வுகள், 24-க்கு 30 அங்குலக் கேன்வாஸ், முழுவதும் எண்ணெய் வண்ணம், புகைப்படத்தைப் பார்த்து எழுதுவதில்லை என்று வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார். முன்பணமாக 50,000 ரூபாய் அனுப்பினோம். அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருந்தது ஒன்றுதான் பின்னால் எங்களுக்குத் துணையாக நின்றது.

முதல் நாள் அவர் வந்தவுடன் அம்மாவை முற்றத்தின் ஓரத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தார். சேலை மடிப்புகள் நாளுக்கு நாள் மாறிவிடும், அவற்றை நினைவில் வைக்க மட்டும் ஒரு படம் வேண்டும் என்று சொல்லி, வட்ட வடிவ விளக்கு ஒன்றை எதிரே நிறுத்தி, மிக அருகில் நின்று கைப்பேசியில் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்தார். பிறகு ஈசல் எனப்படும் படம் தாங்கும் நிலைச்சட்டத்தை விரித்து, படத்தின் முகம் யாருக்கும் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். முடியும்வரை யாரும் பார்க்கக்கூடாது, பார்த்தால் தன் மனஓட்டம் கலைந்துவிடும் என்றார். கலைஞரின் வழக்கம் என்று எண்ணி நாங்களும் மரியாதையுடன் விலகி இருந்தோம். ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம். இரண்டாம் நாள் மாலை அம்மா என்னிடம், "அவர் என்னை நிமிர்ந்தே பாக்கலைடி. அப்பாவை எழுதினவர் கண்ண எடுக்காம பாத்துண்டே இருப்பார்" என்றார். அம்மா சரியாகக் கவனித்துச் சொன்ன அந்த விஷயத்தை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

மனிதரை எதிரே வைத்து எழுதுபவர் உண்மையில் என்ன செய்வார் என்பதை, அரசு கவின்கலைக் கல்லூரியில் பயின்று பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பிறகு எனக்கு விளக்கினார். அமர்பவரிடமிருந்து ஆறு முதல் எட்டு அடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடி, கையை முழுவதுமாக நீட்டித் தூரிகைக் காம்பால் நெற்றிக்கும் மோவாய்க்கும் உள்ள அளவை எடுப்பார். முதல் அமர்வில் கரித்துண்டாலோ நீர்த்த பழுப்பு வண்ணத்தாலோ தலையின் இருப்பையும் சாய்வையும் மட்டும் குறிப்பார். கண்களைச் சுருக்கிப் பார்த்து வெளிச்சம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று பிரிப்பார். மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்ற நான்கு வண்ணங்களைக் கொண்டே தோலின் நிறங்கள் பெரும்பாலானவற்றைக் குழைத்துவிடலாம். அந்தக் குழைவை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துத் திருத்துவார். இருபது, இருபத்தைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை அமர்பவரை எழுந்து நடக்கச் சொல்வார். வெளிச்சம் மாறிவிட்டால் அன்றைய வேலையை நிறுத்திவிட்டு மறுநாள் அதே நேரத்துக்கு வருவார். வடக்குப் பக்கச் சாளரத்தை ஓவியர்கள் விரும்புவதற்குக் காரணம், அந்தப் பக்கம் வெயில் பெரும்பாலும் நேரே விழாமல் வெளிச்சம் நெடுநேரம் ஒரே சீராக இருப்பதுதான். எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு நாள் காலை எட்டு மணிக்கும் மறுநாள் பதினொன்றரை மணிக்கும் வந்தார். நாற்காலி இருந்த இடத்தை அவர் ஒருமுறையும் குறித்துக்கொள்ளவில்லை. எண்ணெய் வண்ணத்தை நீர்க்கச் செய்யச் சேர்க்கும் டர்பென்டைன் வாடையே நான்கு நாளும் எங்கள் முற்றத்தில் வரவில்லை. இவற்றில் ஒன்றாவது எங்களுக்கு ஐயத்தை ஏற்படுத்தியிருக்க வேண்டும்.

கடைசி அமர்வு முடிந்த பத்தாம் நாள் படம் சட்டமிட்டு வந்தது. மீதி 35,000 ரூபாயைக் கூடத்தில் நின்றபடியே அனுப்பினேன். வந்திருந்த உறவினர்கள் அச்சு அசலாக இருக்கிறது என்றார்கள். அம்மா மட்டும் அருகில் போய் நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏண்டி, என் கண்ணுக்குள்ள வளையல் மாதிரி வெள்ளையா ஏதோ இருக்கே, அது என்ன?" என்று கேட்டார். இரண்டு கண்மணிகளிலும் சிறிய வெள்ளை வளையம் இருந்தது. முற்றத்தின் வானவெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தவரின் கண்ணில் முற்றத்தின் சதுரம்தான் மின்ன வேண்டும். வளையம் தெரிய வேண்டுமானால் எதிரே அந்த வட்ட விளக்கு எரிந்திருக்க வேண்டும். அது எரிந்ததோ முதல் நாள் புகைப்படம் எடுத்த ஐந்து நிமிடங்கள் மட்டுமே.

மறுநாள் அந்த ஓவிய ஆசிரியரை அழைத்து வந்தேன். தெருக்கோடியில் உள்ள பத்தரிடம் கல் பார்க்கும் லென்ஸை வாங்கிவந்து அவர் படத்திலிருந்த முகத்தின் மேல் வைத்தார். கன்னம் முழுவதும் நீலமும் இளஞ்சிவப்பும் மஞ்சளுமாக நுண்ணிய புள்ளிகள் தெரிந்தன. தூரிகையால் குழைத்த வண்ணத்தில் அத்தகைய புள்ளிகள் இருக்க வழியில்லை; அவை அச்சு இயந்திரம் தெளித்த மை. அவர் காட்டிய இன்னொரு அடையாளத்தை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். எண்ணெய் வண்ணப் படத்தில் கண்ணின் ஒளிப்பொட்டும் மூக்கு நுனியின் மினுமினுப்பும் பெரும்பாலும் கடைசியில் கெட்டியாக வைக்கப்படுபவை. தடவிப் பார்த்தால் அவை சற்று மேடாக இருக்கும். எங்களிடம் வந்த படத்தில் அந்த வெள்ளை இடங்களில்தான் எதுவுமே இல்லை. மை விழாத வெறும் கேன்வாஸ்தான் அங்கே வெள்ளையாகத் தெரிந்தது. மேலே தூரிகைத் தடங்கள்போல் இருந்தவை நிறமற்ற பசையின் கோடுகள். கன்னம், சேலை, பின்சுவர் எல்லாவற்றின் மேலும் அவை சுவருக்கு வெள்ளையடித்ததுபோல் ஒரே திசையில் சென்றன. கன்னத்தின் வளைவையோ சேலையின் மடிப்பையோ பின்பற்றவில்லை. சட்டத்தைக் கழற்றிப் பார்த்தபோது கேன்வாஸின் மடிந்த ஓரங்களில் ஒரு துளி வண்ணமும் சிந்தியிருக்கவில்லை. படம் நேர்கோட்டில் வெட்டியதுபோல் முடிந்திருந்தது.

முகம் அம்மாவுடையதாக இருந்தும் அம்மாவாக இல்லையே என்று என் தங்கை சொல்லிக்கொண்டிருந்ததற்கும் காரணம் கிடைத்தது. இரண்டடி தூரத்தில் பிடித்த கைப்பேசி, தனக்கு அருகிலுள்ள மூக்கைப் பெரிதாக்கும், காதுகளைப் பின்னுக்குத் தள்ளும். அம்மாவின் தோடு பாதி மறைந்து போயிருந்தது. எட்டடி தள்ளி நின்று பார்த்து எழுதியவருக்கு அந்தத் தோடு முழுமையாகத் தெரிந்திருக்கும்.

புகைப்படத்தைப் பார்த்து எழுதுவதை நான் குறை கூறவில்லை. மறைந்தவர்களின் படத்தை வேறு எப்படி எழுத முடியும்? இரவிவர்மாவும் புகைப்படங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டவர்தான். 1894-இல் மும்பையில் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து எண்ணெய் வண்ணப் படம்போல் தோன்றும் அச்சுப்படங்கள் வெளிவந்து வீடு வீடாகப் போயின. ஆனால் அவை அச்சுப்படங்கள் என்றே, எளியவர் வாங்கும் விலையில் விற்கப்பட்டன. கேன்வாஸில் அச்சடித்துப் பசை பூசிய படத்தையும் சில ஆயிரம் ரூபாய்க்கு அப்படியே சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. எங்களிடம் சொன்னது வேறு, செய்தது வேறு என்பதுதான் குற்றம். அந்தப் பொய்யை மெய்யாக்கிக் காட்டுவதற்காக, மூட்டு வலி உள்ள எண்பது வயதுப் பெண்மணியை ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார வைத்தார் என்பதுதான் பணத்தைவிட என்னை வதைக்கிறது.

படத்தை மறைத்து வைத்தது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1868-இல் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், இளைஞரான இரவிவர்மாவுக்குக் கற்றுக்கொடுக்க முன்வராதபோதும், தான் எழுதுவதைப் பார்க்க விட்டார். வேலை நடக்கும்போது பேச்சுக் கொடுக்கக்கூடாது என்று ஓவியர் கேட்பது நியாயம். அமர்பவர் பாதியில் பார்த்தால் முகபாவம் மாறிவிடும் என்று சிலர் கருதுவதும் உண்மை. ஆனால் அமர்வு முடிந்ததும் வீட்டார் ஒருவருக்காவது படத்தைக் காட்ட ஓவியர் மறுத்தால், அடுத்த அமர்வுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நாங்கள் கேட்டபோது அவர் முதலில் மறுத்தார். லென்ஸில் தெரிந்ததைப் படமெடுத்து அனுப்பிய பிறகு, இப்போது எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், அடியில் அச்சு இருந்தாலும் மேலே தன் கைவேலைதான் என்றார். 20,000 ரூபாயைத் திருப்பித் தருவதாகவும் படத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார். நாங்கள் ஒப்பவில்லை. வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பிவிட்டுத் தஞ்சாவூரில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிட்டோம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

இனி ஓர் ஓவியரை வேலைக்கு அமர்த்துவதாக இருந்தால், அவர் ஒரு மனிதரை எதிரே வைத்து எழுதுவதை அரை மணி நேரமாவது நேரில் போய்ப் பார்ப்பேன். கும்பகோணத்திலும் சென்னையிலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளில், நேரில் அமர்ந்தவரைப் பார்த்து வரையும் பயிற்சி பெற்றவர்கள் பலர் இருக்கிறார்கள். அங்கே விசாரிப்பது காணொளியைப் பார்த்து முடிவு செய்வதைவிட நல்லது. அச்சுப்படத்தின் மேல் எழுதமாட்டேன் என்ற வரியை எழுதி வாங்கிக்கொள்வேன். பணத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்கை முதல் அமர்வின் கோட்டுருவத்தைக் கண்ணால் பார்த்த பிறகும், கடைசிப் பங்கைச் சட்டமில்லாமல் வந்த படத்தைப் பகல் வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகும் கொடுப்பேன். தடிமனான எண்ணெய் வண்ணம் நன்கு உலர வாரக்கணக்கில் ஆகும். இறுதி வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும் என்பது மரபு. பத்து நாளில் பளபளவென்று வந்து நிற்கும் எண்ணெய் வண்ணப் படத்தை ஐயத்துடன் பார்ப்பேன். ஐயம் தோன்றினால் பஞ்சில் டர்பென்டைன் தொட்டுப் படத்தைத் தேய்த்துச் சோதிக்க வேண்டாம். படம் நல்லதாக இருந்தால் கெட்டுவிடும், மோசடியானால் சான்று கெட்டுவிடும்.

எங்கள் படம் இப்போது வேட்டித் துணியில் சுற்றிப் பரணில் இருக்கிறது. ஆணையம் கேட்கும்போது காட்ட வேண்டும் என்பதால் அதைத் திருப்பித் தரவும் இல்லை, சுவரில் மாட்டவும் இல்லை. அம்மா இன்னொரு முறை உட்காரத் தயார் என்கிறார். ஆனால் ஓவியர் தன்னை நிமிர்ந்து பார்க்கிறாரா என்று முதல் நாளே தான் பார்த்துக்கொள்வதாகவும், தனக்குச் சரியென்று பட்ட பிறகே நான் பணம் அனுப்ப வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். வரும் தை மாதம், வெயில் கடுமையாகாத காலை நேரத்தில், அந்த ஓவிய ஆசிரியரே வந்து முதலில் கரித்துண்டால் ஒரு கோட்டுப்படம் எழுதிப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்.