பரணில் போட்டு மறந்தவை: கிட் ஸ்டாஷுடன் சில வருடங்கள்

கிட் என்பது நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கருவி. முடியாத மாற்றங்களை அதில் தற்காலிகமாக ஒதுக்கி வைப்பதுதான் ஸ்டாஷ். போன வருடம் ஒரு நாள் சும்மா, ஒதுக்கியவற்றைப் பட்டியலிடும் 'கிட் ஸ்டாஷ் லிஸ்ட்' அடித்துப் பார்த்தேன். 17 வரி வந்தது. அதில் 14 வரி 'டபிள்யூஐபி ஆன் மெயின்' (முதன்மைக் கிளையான மெயினில் பாதியில் நிற்கும் வேலை) என்றே தொடங்கின. எதை எதற்காக எடுத்து வைத்தேன் என்று ஒன்றும் நினைவில்லை. பக்கத்தில் இருந்த குறிப்பும் உதவவில்லை. நாமாகக் குறிப்பு எதுவும் தராவிட்டால், ஸ்டாஷ் செய்த நேரத்தில் இருந்த கடைசி கமிட்டின் (பதிவு செய்த மாற்றத்தின்) தலைப்பைத்தான் கிட் அங்கே போட்டு வைக்கிறது. நாம் செய்த மாற்றத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இருக்காது.

ஆனாலும் ஸ்டாஷ் இல்லாமல் என்னால் வேலை செய்ய முடியாது. பாதி வேலையில் அவசரமாக ஒரு பிழையைத் திருத்தச் சொல்கிறார்களா, ஸ்டாஷ் செய்து, திருத்தி அனுப்பிவிட்டு, 'பாப்' செய்தால் (ஒதுக்கியதைத் திரும்ப எடுத்தால்) விட்ட இடத்தில் தொடரலாம். மெயினிலேயே மறதியாக எழுத ஆரம்பித்துவிட்டால், அப்படியே தூக்கிச் சரியான ப்ராஞ்சில் (கிளையில்) இறக்கலாம். ஒரு டெஸ்ட் தோற்பது என் மாற்றத்தாலா, முன்பிருந்தே அப்படித்தானா என்று பார்க்கவும் இதுதான் கை கொடுக்கும். எல்லாம் சில நிமிட வேலை.

நான் வாங்கிய முதல் அடி, புதிய கோப்புகளால். கிட் இன்னும் கண்காணிக்காத கோப்புகளை ஸ்டாஷ் தானாக எடுக்காது. எனக்கு அது தெரியாது. பழைய கோப்பில் செய்த மாற்றம் ஸ்டாஷுக்குள் போய்விட்டது; புதிதாக எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டும் அங்கேயே கிடந்தது. பழக்க தோஷத்தில், கண்ணில் பட்ட எல்லாக் கோப்பையும் அடுத்த கமிட்டுக்குச் சேர்க்கும் 'கிட் ஆட் டாட்' அடித்தேன். அரைகுறைக் கோப்பும் அவசரத் திருத்தத்தோடு கிளம்பிவிட்டது. நல்லவேளை, சக நிரலாளர் சரிபார்க்கும் ரிவ்யூவில் சிக்கியது. அன்றிலிருந்து, புதிய கோப்புகளையும் எடுக்கும் 'மைனஸ் யூ' சேர்க்காமல் ஸ்டாஷ் அடிப்பதில்லை. 'மைனஸ் ஏ' என்று இன்னொன்று இருக்கிறது. அது, கிட் கண்டுகொள்ள வேண்டாம் என்று நாம் ஒதுக்கிய இக்னோர் பட்டியலில் உள்ளவற்றையும் அள்ளிக்கொள்ளும். ஒரு முறை ஆசைப்பட்டுப் போட்டேன். நிறுவி வைத்திருந்த லைப்ரரிகள் மொத்தமும் உள்ளே போய்விட்டன.

அடுத்தது எண் குழப்பம். பட்டியலில் 2, 3 ஆகிய இரண்டையும் நீக்க வேண்டியிருந்தது. முதலில் 2-ஐ 'ட்ராப்' செய்தேன், பிறகு 3-ஐ. ஆனால் 2 போனதுமே பழைய 3 மேலேறி 2 ஆகிவிடும். நான் நீக்கியது பழைய 4-ஐ. அதில் இரண்டு நாள் உழைப்பு இருந்தது.

அப்போதுதான் ஸ்டாஷின் உள்ளமைப்பைப் படித்தேன். அது தனி மாயம் எதுவும் இல்லை, ஒரு கமிட்தான். அதுவும் மெர்ஜ் கமிட், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட பெற்றோர் (முந்தைய கமிட்) உள்ளது. அப்போதைய ஹெட் (நாம் நின்ற கமிட்) ஒரு பெற்றோர், இண்டெக்ஸ் (அடுத்த கமிட்டுக்குத் தயாராக வைத்தவை) நிலை இன்னொரு பெற்றோர். 'மைனஸ் யூ' போட்டிருந்தால் புதிய கோப்புகளுக்கென மூன்றாவதும் உண்டு. ட்ராப் செய்தாலும் கமிட் உடனே அழிவதில்லை. ட்ராப் செய்ததும் திரையில் ஒரு ஹாஷ் (கமிட்டின் அடையாளக் குறி) வருமே, அதைக் கொடுத்து 'ஸ்டாஷ் அப்ளை' செய்தேன். எல்லாம் திரும்பி வந்தது. டெர்மினலை மூடியிருந்தால் கிட்டின் சோதனைக் கட்டளையான 'எஃப்எஸ்சிகே' ஓட்டி, யாரும் சுட்டாத கமிட்களில் தேட வேண்டியிருந்திருக்கும். வழக்கமான அமைப்பில், அப்படித் தனித்து விடப்பட்டவற்றில் 2 வாரத்துக்குள் உருவானவற்றைக் குப்பை அகற்றும் வேலை தொடாது.

பாப் செய்யும்போது கான்ஃப்ளிக்ட் (ஒரே இடத்தில் இரண்டு மாற்றங்கள் மோதுவது) வந்தால் ஸ்டாஷ் பட்டியலிலேயே தங்கிவிடும். நல்ல பாதுகாப்புதான், ஆனால் என் 17-இல் பாதி அப்படிச் சேர்ந்த எச்சங்களாகத்தான் இருந்திருக்கும். மாதக்கணக்கில் பழசாகிப்போனவற்றுக்கு 'ஸ்டாஷ் ப்ராஞ்ச்' அருமையான வழி: எடுத்து வைத்தபோது இருந்த கமிட்டிலிருந்தே புது ப்ராஞ்ச் பிரித்து அதில் இறக்கும். அங்கே கான்ஃப்ளிக்ட்டுக்கு இடமில்லை.

என்னைத் திருத்தியது இது எதுவும் இல்லை. முந்தைய மடிக்கணினியின் டிஸ்க் ஒரு நாள் செத்துப்போனது. சர்வருக்கு புஷ் செய்திருந்த (அனுப்பி வைத்திருந்த) ப்ராஞ்சுகள் அத்தனையும் திரும்பக் கிடைத்தன. ஸ்டாஷ்கள் நான்கும் போயே போய்விட்டன, ஏனென்றால் வழக்கமான புஷ்ஷில் ஸ்டாஷ் போகாது. திருந்த அதன் பிறகும் நாளானது என்பதற்கு அந்த 17 வரியே சாட்சி.

இப்போது என் கணக்கு எளிது. இன்றைக்கே திரும்ப எடுப்பேன் என்றால் ஸ்டாஷ், அதுவும் 'ஸ்டாஷ் புஷ் மைனஸ் எம்' போட்டுப் பெயரோடு. கிட் 2.13 முதல் இந்த வடிவம் இருக்கிறது. இரவு தாண்டும் என்றால் என் ப்ராஞ்சில் அரைகுறை கமிட்டாகப் போட்டு புஷ் செய்துவிடுவேன். காலையில் முந்தைய கமிட்டுக்கு 'ரீசெட் சாஃப்ட்' அடித்தால் கமிட் கலைந்துவிடும், மாற்றங்கள் அப்படியே இருக்கும். நாள் கணக்கில் இரண்டு வேலை இணையாக ஓடினால் 'வொர்க்ட்ரீ'. 2015-இல் கிட் 2.5-உடன் வந்தது, நான்தான் தாமதமாகக் கண்டுகொண்டேன். ஒரே ரெப்போவுக்கு (கிட் களஞ்சியத்துக்கு) இரண்டு கோப்புறைகள் இருப்பதால் எதையும் எடுத்து வைக்கவே தேவையில்லை. ஆனால் ஸ்டாஷ் பட்டியல் எல்லா வொர்க்ட்ரீக்கும் பொதுவானது. ஒன்றில் வைத்ததை இன்னொன்றில் பாப் செய்துவிட்டு முழித்திருக்கிறேன்.

இன்று லிஸ்ட் அடித்தால் 2 வரிதான். ஒன்று காலையில் வைத்தது. மற்றொன்று அந்த 17-இல் மிஞ்சியது. திறந்து பார்த்தேன், எதற்கென்று இன்னும் புரியவில்லை. ட்ராப் செய்யவும் கை வரவில்லை.