8 அங்குலத் தொலைநோக்கியில் ஆந்திரமேதா

காங்கேயத்திற்குத் தெற்கே, தெருவிளக்கின் ஒளி எட்டாத தோட்டத்துக் களத்தில் மார்கழி இரவுகளில் பயன்படுத்திய இந்த 8 அங்குல டாப்சோனியன் (எளிய சுழல் தாங்கியில் அமர்ந்த, ஆடி வகை) தொலைநோக்கி, சுமார் 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஆந்திரமேதா விண்மீன் மண்டலத்தின் பிரகாசமான நடுப்பகுதியையும், அதன் துணை மண்டலமான எம்32ஐயும் நன்றாகவே காட்டுகிறது. வண்ணப் படங்களில் காணும் சுருள் கரங்களை எதிர்பார்ப்பவர்கள் இதை வாங்க வேண்டாம்; கண்ணுக்குத் தெரிவது சாம்பல் நிற மங்கல் மட்டுமே.

ஆந்திரமேதாவின் மையத்தில் இரட்டை உட்கரு இருப்பதை 1993இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களே வெளிப்படுத்தின. அவ்விரு உட்கருக்களுள் மங்கலானதில்தான், சூரியனைப்போல் சுமார் 14 கோடி மடங்கு நிறையுள்ள கருந்துளை, வயதில் இளைய நீல விண்மீன்கள் வட்டாகச் சூழ அமைந்திருக்கிறது. அதை எந்த வீட்டுத் தொலைநோக்கியும் காட்டாது என்பதால், இக்கருவியின் மதிப்பைக் குறைக்க மாட்டேன். எடைதான் அதிகம், ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குக் குழாய் நிலைகொள்வதும் இல்லை.